காற்றுத்துறையின் உப்புக் கிடங்குகள்

எனக்குக் காகிதம் படிக்கத் தெரியும் என்று ஒரு திமிர் உண்டு. சிங்கப்பூரில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இழப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. குழாய் உடைந்து சோபா நனைந்துவிட்டது என்று ஒருவர் புகைப்படம் அனுப்பினால், அது குழாய்த் தண்ணீரா, ஜன்னலைச் சாத்த மறந்த மழைத் தண்ணீரா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். ஆகவே காற்றுத்துறையை மறுபடி உயிர்ப்பிக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, பழைய காகிதங்களை இழுத்து வைத்துக்கொண்டு முதலில் உட்கார்ந்தவள் நான்தான். அதில் நான் அடித்த கூத்தை மறைத்துப் பயனில்லை. என் நண்பர்கள் அதற்குள் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

காற்றுத்துறை நிஜமான ஊர் இல்லை. பாலிடெக்னிக்கில் எங்களோடு படித்த நண்பன் ஒருவன் தன் தலைக்குள் கட்டிய உலகம். ஒரு கடல், அது நிறையத் தீவுகள், தீவுக்கொரு துறைமுகம். அந்தக் கடலில் காற்று எப்போதாவதுதான் திசை மாறும். மாறும்வரை வந்த கப்பல் வந்த துறையிலேயே கிடக்க வேண்டும். கிடக்கிற காலத்தில் திருட்டு, காதல், வழக்கு, கல்யாணம் எல்லாம் நடக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்துகிற விளையாட்டு அது. ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் அவன். கடலும் ஊரும் எதிரில் வருகிற அத்தனை பேரும் அவன்தான். நாங்கள் ஆளுக்கு ஒருவராக மட்டும் இருந்தால் போதும்.

நாங்கள் என்றால் மூன்று பேர். நான், குவீன்ஸ்டவுனில் இருந்து வரும் ஒருவன், கேலாங்கில் இருந்து வரும் ஒருத்தி. குவீன்ஸ்டவுன்காரன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறான். ஆட்டத்தில் அவன் கள்ளன். கேலாங்காரி மருத்துவமனைத் தாதி, ஆட்டத்தில் கொள்ளைக்காரி, ஈவு இரக்கம் கிடையாது. நான் கப்பல் தலைவி. வேறு எதற்கும் நான் ஒத்துவர மாட்டேன் என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா உணவங்காடியின் கடைசி மேசையில் ஆடுவோம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் இருக்கும்போதே அவன் வந்துவிடுவான். மூன்று நாற்காலிகளுக்கும் நேராக மேசைமேல் ஆளுக்கொரு டிஷ்யூ பொட்டலம் வைத்துவிட்டு, நாலாவதில் உட்கார்ந்து, நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பான். இந்த ஊரில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அந்த இடம் பிடிபட்டது என்று அர்த்தம். எவ்வளவு பசியோடு வந்தவரும் அதை நகர்த்திவிட்டு உட்கார மாட்டார். நாங்கள் எவ்வளவு தாமதமாக வந்தாலும் எங்கள் இடம் எங்களுக்காகக் காலியாக இருக்கும். அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

அவன் எழுதிய விதிகளையும் வரைந்த வரைபடங்களையும் நகலெடுத்து மற்ற மாணவர்களும் ஆடினார்கள். பல்கலைக்கழகம்வரை போயிற்று. நகலுக்கு நகல் எடுத்து எடுத்து, கடைசியில் தீவுகளெல்லாம் கறுப்புத் திட்டுகளாகிவிட்டன. அப்படியும் ஆடினார்கள். பிறகு பையன்கள் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போனார்கள், நாங்கள் வேலை, மேற்படிப்பு, கல்யாணம் என்று கலைந்தோம். காற்றுத்துறை அப்படியே நின்றது.

இந்த வருடம் இணையக் குழு ஒன்றில் யாரோ முன்பின் தெரியாத ஆள், நைந்துபோன ஒரு நகல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டு, "இதன் முழுத் தொகுப்பு யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். கீழே நிறையப் பேர் எனக்கும் வேண்டும், எனக்கும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. பெருமைதான். எங்கள் மேசையில் பிறந்தது அது.

மறுநாளே, காற்றுத்துறையைக் கட்டிய நண்பன் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் வைத்திருக்கும் கடைக்குப் போனேன். அப்பாவுக்குப் பிறகு அவன்தான் நடத்துகிறான். சூட்கேஸ், பள்ளிக்கூடப் பை, ஊருக்குப் போகிறவர்கள் கட்டி எடுத்துப் போகும் பெரிய பெரிய சாக்குப் பைகள். நல்ல வியாபாரம். தாடி நரைத்திருந்தது, மற்றபடி அதே முகம். இடையில் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன், நின்று பேசியதில்லை.

"வாங்க, வாங்க. என்ன சாப்பிடுறீங்க?" என்றான்.

ஒரே மேசையில் என்னை 'நீ, வா, போ' என்றவன், இப்போது நீங்க என்றது சுருக்கென்றது. எல்லாவற்றையும் தொகுத்துப் புத்தகமாகப் போடலாம் என்ற விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து விற்காத பழைய மாடல் சூட்கேஸ் ஒன்றை இறக்கினான். உள்ளே முழுக்கக் காகிதம். அவன் கையால் எழுதிய அசல் குறிப்புகள்.

"எடுத்துட்டுப் போங்க. பெட்டியும் சேர்த்து. திருப்பித் தர வேணாம்."

"நீயும் வா. நாங்க மூணு பேரும் இருக்கோம். ஞாயித்துக்கிழமை என் வீட்ல உக்காரலாம்."

"அதெல்லாம் முடிஞ்சிருச்சு லா. நீங்க புக்கு போடுங்க, சந்தோஷம். என் பேரு மட்டும் போடாதீங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உலகத்தையே படைத்தவன் பெயர் இல்லாமல் என்ன புத்தகம்? வாயைத் திறப்பதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட, அவன் அந்தப் பக்கம் போய்விட்டான். கல்லாவில் இருந்த அவன் மனைவிதான் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

"கோச்சுக்காதீங்க அக்கா. இவங்களுக்கு அதுல ஒரு வருத்தம். நேஷனல் சர்வீஸ் முடிச்சிட்டு வந்து எல்லாத்தையும் புதுசா வரைஞ்சு வச்சாங்களாம். ஞாயித்துக்கிழமை தேக்காவுல போயி உக்காந்தாங்களாம். யாரும் வரல. அதோட மூடி வச்சதுதான். அது யாருக்கும் வேணாம்னு இவங்களே முடிவு பண்ணிட்டாங்க."

"கூப்பிட்டானாம்மா எங்கள?"

"அதான் கூப்பிடலையே!" என்று அவர் கையை விரித்தார். எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் வந்தது. கூப்பிட்டால்தானே வருவோம்! ஆனால் ரயிலில் சூட்கேஸைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஆங் மோ கியோவில் இருக்கும் என் வீடு வந்து சேர்வதற்குள் கோபம் போய், பிடிவாதம் வந்துவிட்டது. புத்தகம் இரண்டாம்பட்சம். இந்த ஆளை மறுபடி மேசையில் உட்கார வைக்காமல் விடுவதில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிறுகள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். என் வீட்டுக் கூடத்தில் காகிதங்களைப் பரப்பி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூவரும் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்போம். கேலாங்காரி தட்டச்சு செய்வாள். குவீன்ஸ்டவுன்காரன் பகடை உருட்டி விதிகளைச் சோதிப்பான். நான் வாசித்து, வகை பிரித்து, அதிகாரம் செய்வேன். என் கணவர் தேநீர் வைத்துவிட்டு, காகிதத்தின்மேல் சிந்தினால் விவாகரத்துதான் என்று நான் மிரட்டியதால், தூரமாகவே நின்றார்.

என்ன ஒரு எழுத்து! ஒரு துறையில் கிணறு இருக்கிறது என்றால், அந்தக் கிணற்றைக் காக்கும் கிழவருக்கு எந்தப் பல் வலிக்கிறது என்றுகூட எழுதியிருந்தான். பாய்மரத்துணி தைக்கிற பெண்கள் யாரைப் பற்றிப் புறணி பேசுவார்கள், மீன் சந்தையில் எந்தத் தராசு பொய் சொல்லும், எந்தத் தீவில் சேவல் நேரங்கெட்டுக் கூவும், எல்லாம் இருந்தது. படிக்கும்போது ஒருவரையொருவர் நிறுத்தி நிறுத்திச் சிரித்தோம். "இந்தக் கிணத்துலதான் நீ என்னைத் தள்ளிவிட்ட" என்று குவீன்ஸ்டவுன்காரன் கேலாங்காரியைக் காட்டினான். "மறுபடியும் தள்ளுவேன்" என்றாள் அவள்.

சிக்கல் கடைசி வரைபடத்தில் வந்தது. அவன் தேசிய சேவை முடித்து வந்து வரைந்த வரைபடம் அதுதான். தாள் புதிது, கோடு சுத்தம். பழைய வரைபடங்களில் இல்லாத புதுத் தீவுகள் அதில் இருந்தன. அவற்றில் பலவற்றின் நடுவில் ஒரு சின்னச் செவ்வகம், செவ்வகத்தின் நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான். அடையாள விளக்கம் கிடையாது. அந்தத் தீவுகளைப் பற்றி எங்கேயும் ஒரு வரிகூட எழுதவில்லை.

"கோட்டை" என்றான் குவீன்ஸ்டவுன்காரன்.

"சமாதி" என்றாள் கேலாங்காரி. மருத்துவமனையில் வேலை பார்ப்பவள் வேறென்ன சொல்வாள்?

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் தொழில் திறமையைக் காட்டினேன். நடுக்கோடு கதவு. ஜன்னல் இல்லை. ஜன்னல் இல்லாத கட்டடம் என்றால் கிடங்கு. சுற்றி ஊரில்லை, கிணறில்லை, மனிதர் இல்லை. கிழவரின் பல்வலியை எழுதியவன் இங்கே ஒன்றும் எழுதாமல் விட்டால், எழுத ஒன்றும் இல்லாத இடம் என்றுதானே பொருள்? புல்கூட முளைக்காத இடம் எது? உப்பளம். ஆகவே இவை உப்புக் கிடங்குகள். கேஸ் முடிந்தது என்று கண்ணாடியைக் கழற்றினேன். எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

கிடங்கு என்று ஆனபிறகு சும்மா விட முடியுமா? அவன் எழுதாததால் நாங்கள் எழுதினோம். உப்புக்காரர்களின் கூட்டம் ஒன்றை உண்டாக்கினோம். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு வரும் கண்நோயையும் அதற்கு அவர்கள் போடும் தைலத்தையும் கேலாங்காரி எழுதினாள். ஈரக் காற்றில் உப்பு கரைந்து எடை குறையுமென்பதால் எந்த வழியில் எப்போது கடத்த வேண்டும் என்று குவீன்ஸ்டவுன்காரன் கணக்குப் போட்டான், கள்ளன் கள்ளன்தான். நான் சட்டம் எழுதினேன். கிடங்குக்காரர் வீட்டில் ஒரு வாய் சோறு தின்றவர், காற்று திசை மாறும்வரை அந்தத் தீவில் பொய் சொல்லக் கூடாது. இதை எழுதிவிட்டு அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. எத்தனை வயதுக்குப் பிறகு இப்படி உட்கார்ந்து ஒரு பொய்யை அக்கறையாகச் செய்கிறேன்!

தொகுப்பு முடிந்ததும் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். "வாழ்த்துகள்" என்று ஒரு பூங்கொத்துப் படம் வந்தது. விடுவேனா? கடைக்குப் போய், எனக்குத் தேவையே இல்லாத ஒரு சூட்கேஸைப் பேரம் பேசாமல் வாங்கினேன். பேரம் பேசாததிலேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"எங்க பயணம்?"

"எங்கயும் இல்ல. ஞாயித்துக்கிழமை வா. ஒரு ஆட்டம் பாரு. பிடிக்கலன்னா உன் பேரு வேணாம், நாங்க அச்சடிக்கவும் மாட்டோம். மறுபடியும் பெட்டியில போட்டு மேல ஏத்திடு."

அவன் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தான். "போயிட்டு வாங்களேன்" என்றார் அவன் மனைவி. "கடைய நான் பாத்துக்க மாட்டேனா?"

சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். கையில் ஒரு பெட்டி எப்போக்-எப்போக், உருளைக்கிழங்கும் மத்தி மீனும் உள்ளே வைத்துப் பொரித்தவை. செருப்பை வாசலில் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு வந்து, மேசையில் உட்காராமல் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீங்க ஆடுங்க. நான் பாக்குறேன்."

கேம் மாஸ்டர் இடத்தில் நான். அந்த இடம் அவனுடையது. கள்ளனும் கொள்ளைக்காரியும் பழைய துறை ஒன்றில் கப்பல் ஏறினார்கள். கிணற்றுக் கிழவரைப் பல்வலியோடு பேச வைத்தேன். சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடை வாசலில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவன் பார்க்கிற அதே முகம். வேலைக்கு ஆகவில்லை, பெட்டி மேலே ஏறப்போகிறது என்று நினைத்தேன்.

கப்பல் புதுத் தீவுக்கு வந்தது. "கரையில ஆள் நடமாட்டம் இல்ல. வெள்ளையா வெயில். தூரத்துல ஜன்னல் இல்லாத ஒரு உப்புக் கிடங்கு தெரியுது" என்றேன்.

"என்ன கிடங்கு?" என்றான் அவன், சுவரோரத்திலிருந்து.

"உப்புக் கிடங்கு. நீதான வரைஞ்ச!"

"நான் எங்க வரைஞ்சேன்?"

கடைசி வரைபடத்தை எடுத்து நீட்டி, செவ்வகத்தை விரலால் தட்டிக் காட்டினேன். நடுக்கோடு, கதவு, உப்பளம், எல்லாவற்றையும் விளக்கினேன். அவன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். பிறகு மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்குகிற பழைய சிரிப்பு.

"அது டிஷ்யூ பாக்கெட் லா!"

நான் வரைபடத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"தேக்காவுல நாற்காலிக்கு வைப்பேன்ல? அதேதான். நடுவுல அந்தக் கோடு, அதான் கிழிச்சு எடுக்கிற இடம். இந்தத் தீவெல்லாம் நான் ஒண்ணும் யோசிக்கல. உங்களுக்குன்னு பிடிச்சு வச்சேன். யாரு முதல்ல வர்றாங்களோ அவங்க வந்து என்னவோ கட்டிக்கட்டும்னு."

கேலாங்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குவீன்ஸ்டவுன்காரன் என்னைப் பார்த்து, "ஜன்னல் இல்லாத கட்டடம்!" என்றான். எனக்கு முகம் எரிந்தது. பிறந்ததிலிருந்து டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கிற ஊர்க்காரி நான். தேக்கா மேசையில் எனக்கென்று வைக்கப்பட்ட பொட்டலங்களில்தான் எத்தனை நாள் கை துடைத்திருக்கிறேன். இந்த ஊரில் பிறக்காத யாராவது இப்படிப் படித்தாலாவது மன்னிக்கலாம்.

"சரி, சரி" என்றேன். "உப்பு எல்லாத்தையும் எடுத்துடறோம். காலியாவே விட்டுடலாம்."

"இருங்க. என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்குறேன்."

கொடுத்தேன். சுவரோர நாற்காலிக்குப் போகாமல் மேசையிலேயே, எனக்கு எதிரில் உட்கார்ந்து படித்தான். எங்கள் கண்நோய், எங்கள் தைலம், எங்கள் கடத்தல் கணக்கு. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடி முன்பக்கம் போனான். எப்போக்-எப்போக் ஆறிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை.

"கிடங்குக்காரர் வீட்ல சாப்பிட்டவன் பொய் சொன்னா என்ன ஆகும்?" என்று தலை நிமிராமல் கேட்டான்.

"இன்னும் யோசிக்கல."

"அப்ப அவன் சொன்னது பொய்யின்னு அந்தத் தீவுக்கு எப்படித் தெரியும்?"

"அதையும் யோசிக்கல. நீ சொல்லேன்."

"நான் ஏன் சொல்றேன்? நீ சொல்லு. உன் தீவு."

நீ என்றான். மற்ற இருவரும் கவனித்தார்களோ என்னவோ, நான் கவனித்தேன். அதை மறைக்க நான் சண்டைக்குப் போனேன். என் வழக்கம் அது.

"அப்பவே ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல? போன் இல்லையா உங்க வீட்ல? நாங்க என்ன கனவா கண்டோம்?"

"கூப்பிட்டா மரியாதைக்கு வருவீங்க" என்றான். "இடம் பிடிச்சு வச்சா, வேணும்னா வந்து உக்காருவீங்க. அப்படித்தான் நினைச்சேன்." காகிதங்களை ஒன்றுசேர்த்துத் தட்டி, ஓரம் சரி செய்து, என் பக்கம் தள்ளினான். "ஒண்ணையும் எடுக்காதே. அதான் வந்து உக்காந்துட்டீங்களே. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

குவீன்ஸ்டவுன்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உருளைக்கிழங்கா மத்தியா என்று பெட்டிக்குள் தேட ஆரம்பித்தான். கேலாங்காரி வெளிப்படையாகவே அழுதாள். அவளுக்கு வெட்கமெல்லாம் கிடையாது. நான் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் போய் மின்விசிறியைப் போட்டேன். காகிதமெல்லாம் பறந்தது. நாலு பேரும் எழுந்து துரத்திப் பிடித்தோம்.

"பேரு?" என்று கேட்டேன், எல்லாம் அடங்கியபிறகு.

"போடு. ஆனா நாலு பேரு பேரும் போடு."

அன்றைக்கு ஆட்டம் அத்தோடு நின்றது. பேச்சுதான். கடையை அடைக்கும் நேரம் நெருங்கியதும் அவன் கிளம்ப எழுந்தான். செருப்பு மாட்டப் போனவன் திரும்பி வந்து, மேசைமேல் விரித்திருந்த கடைசி வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். தெற்கு மூலையில், நாங்கள் கிடங்கு கட்டாத ஒரு சின்னத் தீவு இருந்தது. செவ்வகம்கூட இல்லாத வெறும் வட்டம்.

"அடுத்த ஞாயிறும் நீதானே கேம் மாஸ்டர்?"

"நீ வரேன்னா எந்திரிச்சுடறேன். அது உன் இடம்."

"வேணாம், நீயே நடத்து. நான் ஒரு நாளும் ஆடினதில்லை. கடலாவும் ஊராவும் இருந்தே காலம் போச்சு." சட்டைப் பைக்குள் கையை விட்டு, பாதி தீர்ந்த டிஷ்யூ பொட்டலம் ஒன்றை எடுத்து அந்தத் தீவின்மேல் வைத்தான். "இது எனக்கு."

அவன் மின்தூக்கியில் இறங்கியபிறகு என் கணவர் மேசையைத் துடைக்க வந்தார். பொட்டலத்தை எடுக்கப் போனவரின் கையை மூன்று பேரும் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டோம்.